இரவுநேரக் கெண்டைக்கால் பிடிப்பு: தடுப்பு முறைகளின் வரலாறு

இரவுநேரக் கெண்டைக்கால் பிடிப்பு என்பது உறக்கத்திலோ படுத்து ஓய்வெடுக்கும்போதோ காலின் பின்புறச் சதை தானாகவே இறுகி, சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை கடும் வலி தரும் நிலையாகும். வலி நின்ற பிறகும் சதையில் நோவு மறுநாள் வரை இருக்கலாம். எல்லா வயதினருக்கும் இது வரும். எனினும் முதியோரிடமும் கருவுற்ற பெண்களிடமும் மிகுதி. பிரிட்டனில் 1994இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில், ஓய்வின்போது ஏற்படும் பிடிப்பு முதியோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இருந்தது தெரியவந்தது.

உயிருக்கு ஆபத்தில்லாத இந்தத் தொல்லையைத் தடுக்க இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் நம்பப்பட்ட மருந்து, உயிருக்கு ஆபத்தானதாக இருந்தது. அந்த மருந்து குயினைன். தமிழ்நாட்டில் பழைய தலைமுறையினர் ‘கொயினா’ என்று சொன்னதும் இதைத்தான். மலைக்காய்ச்சலுக்காக நீலகிரியில் பயிரிடப்பட்ட மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட சத்து, எவ்வாறு கால் பிடிப்புக்கான மருந்தாயிற்று, ஏன் அந்த இடத்தை இழந்தது என்பதே இக்கட்டுரையின் மையம்.

பெயரும் உடலுறுப்பும்

தமிழில் ‘கெண்டை’ என்ற சொல் ஒரு நன்னீர் மீனையும் காலின் பின்புறச் சதையையும் ஒருங்கே குறிக்கும். நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய வடிவம் இரண்டுக்கும் பொது. தசையைக் குறிக்கும் ‘மஸ்குலஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறு எலி என்று பொருள். தோலுக்கு அடியில் புரளும் சதையை ஐரோப்பியர் எலியாகக் கண்டனர். தமிழர் மீனாகக் கண்டனர். பிடிப்பைக் குறிக்கக் ‘குரக்குவலி’ என்ற சொல் அகராதிகளில் உண்டு. தென்மாவட்டப் பேச்சில் அது ‘குறக்களி’, ‘கொறக்களி’ என வழங்கும். வடமாவட்டங்களில் ‘கெண்டை பிடிச்சுக்கிச்சு’, ‘நரம்பு இழுக்குது’ என்பது வழக்கம்.

‘நரம்பு இழுக்குது’ என்ற பேச்சு வழக்கு உடலியலுக்கும் பொருந்துகிறது. 1957இல் நாரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிடிப்பின்போது தசையின் மின் அதிர்வுகளைப் பதிவு செய்தனர். பிடிப்பில் இருக்கும் தசை சும்மா இறுகிக் கிடக்கவில்லை. அதற்குரிய இயக்க நரம்பு மிக விரைவாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. படுத்திருக்கும்போது பாதம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாயும். அப்போது கெண்டைக்கால் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும். அந்நிலையில் சிறு தூண்டலும் கட்டுப்பாடற்ற இறுக்கமாக மாறக்கூடும். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால் பிடிப்பு விடுவதற்கும் இதுவே காரணம். குறுகிய தசை நீட்டப்படுகிறது.

பழவேற்காடு ஏரிக்கரை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை–கூடூர் தொடர்வண்டிப் பாதையில் எளாவூர் உள்ளது. இதன் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன.

ஏரி ஆழமற்றது. ஆகவே இங்கே மீன்பிடிப்பின் பெரும்பகுதி காலால் செய்யும் வேலை. பட்டினவர் சமூகத்தாரிடையே வழங்கும் ‘பாடு’ முறையில், இறால் கிடைக்கும் இடங்களில் வலையிடும் உரிமை முறைவைத்துப் பகிரப்படுகிறது. தன் முறை வந்தவர் இரவானாலும் பகலானாலும் நீரோட்டத்தைப் பார்த்து வலையிட வேண்டும். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்தும் குந்தியும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போடுகின்றனர். சேற்றில் நிற்பது, வலையை இழுக்கும்போது பாதத்தை ஊன்றுவது, ஓடத்தைக் கழியால் தள்ளுவது ஆகிய எல்லாவற்றிலும் உடலைத் தாங்குவது கெண்டைக்கால் தசைதான். பகலில் மிகுதியாக உழைத்த தசை இரவில் பிடித்துக்கொள்வது உலகெங்கும் அறியப்பட்ட அனுபவம்.

எளாவூர் முதல் பழவேற்காடு வரையுள்ள இக்கரைக்கு மருந்து வரலாற்றோடு மறைமுகமான ஓர் உறவும் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயரிடம் போயிற்று. சோழமண்டலக் கரையை விட்ட டச்சுக்காரர் சாவகத்தில் நிலைத்தனர். அடுத்த நூறாண்டுக்குள் உலகின் குயினைன் சந்தை அவர்கள் கையில் இருந்தது. ஆங்கிலேயர் அதே மரத்தை நீலகிரியில் வளர்த்தனர்.

வாந்திபேதியும் உப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாண மருத்துவக் குறிப்புகளில் கால் பிடிப்பு இடம்பெறுவது பெரும்பாலும் வாந்திபேதியின் அறிகுறியாக. 1817க்குப் பின் பரவிய கொள்ளைநோயைப் பற்றி வில்லியம் ஸ்காட் தொகுத்த அறிக்கை 1824இல் சென்னையில் வெளியாயிற்று. அந்நோயில் உடலின் நீரும் உப்பும் வேகமாக வெளியேறும்; கை கால் சதைகள் முறுக்கிக்கொள்ளும். 1831இல் வில்லியம் ஓஷானசி நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1832இல் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பு வழியே செலுத்திப் பார்த்தார். இந்தச் சிந்தனை முழுப் பயனைத் தர நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1971இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய அளவில் குடிக்கக் கொடுத்து உயிர்களைக் காத்தார்.

உழைப்பால் வரும் பிடிப்புக்கும் உப்புக்கும் உள்ள உறவு 1923இல் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தோர் வியர்த்துக் கொட்டியபின் நிறையத் தண்ணீர் குடித்தனர். பிறகு கடும் பிடிப்புக்கு உள்ளாயினர். வியர்வையில் உப்பும் போய்விடுகிறது, வெறும் நீர் மட்டும் உள்ளே வருகிறது என்பதை கென்னத் நெவில் மாஸ் விளக்கினார். உடலியலறிஞர் ஜே. எஸ். ஹால்டேனும் இதை ஆராய்ந்தார். குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்தபோது பிடிப்பு குறைந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக் கட்டுமானத் தொழிலாளரிடமும் இதே முடிவு கிடைத்தது.

சென்னை மாகாணத்தில் அந்த ஆண்டுகளில் உப்பு அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1805இல் தொடங்கிய உப்பு ஏகபோகமும் அதைத் தொடர்ந்த வரியும் 1947 வரை நீடித்தன. எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களை அடுத்து வாழ்ந்தவர்களும் வரி கொடுத்தே உப்பு வாங்கினர். வெயிலில் உழைப்பவருக்கு உப்பு உடலின் தேவை என்று சுரங்க ஆய்வு சொன்ன ஏழாண்டுகளில், வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. கஞ்சியில் உப்பிட்டுக் குடிப்பதும் நீர்மோரில் உப்பிடுவதும் வெயிலில் உழைத்த மக்களின் பழக்கமாக அதற்கு வெகு காலம் முன்பே இருந்தன.

ஆனால் வெயிலில் உழைத்தவருக்கு வரும் பிடிப்பும், வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கு நள்ளிரவில் வரும் பிடிப்பும் ஒன்றல்ல. பின்னதில் பெரும்பாலும் குருதியின் உப்பளவு இயல்பாகவே இருக்கும். இதனால் உப்பு அங்கே தீர்வாகவில்லை. மருத்துவர்கள் வேறொன்றைத் தேடினர்.

சின்கோனா நீலகிரிக்கு வந்த கதை

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை முறைக்காய்ச்சலைத் தீர்க்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் வழியே ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. 1820இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்து இருவரும் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். இந்தியாவில் பட்டாளத்தையும் அலுவலரையும் காக்க ஆங்கில அரசு ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து இதை வாங்கியது.

செலவைக் குறைக்க மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. 1859இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பயணக்குழு தென் அமெரிக்கா சென்றது. 1860 அக்டோபரில் மார்க்கம் கன்றுகளுடன் உதகை வந்தார். அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை இனத்தை ராபர்ட் கிராஸ் 1861இல் கொண்டுவந்தார். இது தழைத்தது. உதகை அரசுத் தோட்டத்தை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்களை அமைத்தார். பட்டை உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைத்தால் புதுப்பட்டை வளரும் என்பது அவர் கண்ட முறை. நடுவட்டத் தோட்ட வேலைக்கு நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் பயன்படுத்தப்பட்டனர்.

1866இல் சென்னை அரசு அமைத்த குழு, சின்கோனாப் பட்டையின் நான்கு காரச் சத்துகளையும் காய்ச்சல் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. நான்கும் ஏறத்தாழ ஒரே பயன் தருவதாக அது முடிவு செய்தது. மருந்துகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட தொடக்ககால முயற்சிகளில் இதுவும் ஒன்று. பின்னர் நடுவட்டத்தில் அரசுக் குயினைன் தொழிற்சாலை இயங்கியது. 1890களில் வங்காளத்தில் தொடங்கி அஞ்சலகங்கள் வழியே குயினைன் பொட்டலங்கள் மலிவு விலையில் விற்கப்பட்டன. ‘கொயினா’ என்ற சொல் சிற்றூர்ப் பேச்சுக்குள் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். அதன் தாங்க முடியாத கசப்பும் காதிரைச்சலும் அக்கால மக்களின் நினைவில் நின்றன.

டச்சுக்காரருக்குக் கிடைத்தது இதைவிட நல்ல இனம். பொலிவியாவில் சார்ல்ஸ் லெட்ஜரின் பணியாளரான மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடியினர் சேகரித்த விதைகளை 1865இல் அவர்கள் வாங்கிச் சாவகத்தில் விதைத்தனர். விதையை வெளியே கொடுத்த குற்றத்துக்காக மாமானி பிடிபட்டு அடிக்கப்பட்டு இறந்தார். அந்த மரங்களின் பட்டையில் குயினைன் அளவு மிக உயர்ந்திருந்தது. 1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாவகத்திலிருந்து வந்தது. நீலகிரி மரங்கள் போட்டியில் பின்தங்கின. பிற்காலத்தில் இத்தோட்டங்கள் தேயிலையாக மாறின. வால்பாறையை அடுத்த ஓர் ஊர் இன்றும் ‘சின்கோனா’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

காய்ச்சல் மருந்து கால் மருந்தானது

குயினைன் தசைகளின் மீதும் வேலை செய்கிறது என்பது 1930களில் கவனத்துக்கு வந்தது. இறுகிய தசை எளிதில் தளராத மயோடோனியா என்ற பரம்பரை நோய்க்கு அது பயன்படுவதை 1936இல் அலெக்சாண்டர் உல்ஃப் எழுதினார். ஒரு தூண்டலுக்குப் பின் தசை அடுத்த தூண்டலை ஏற்க எடுக்கும் இடைவெளியைக் குயினைன் நீட்டுகிறது என்பதை 1939இல் ஹார்வி காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மாஸ், ஹெர்மன் இருவரும், படுக்கும் முன் சிறிதளவு குயினைன் கொடுத்தால் இரவுப் பிடிப்பு நிற்கிறது என்று ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டனர். சில நோயாளிகளின் அனுபவமே அதன் அடிப்படை. மருந்து கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை.

1942இல் சப்பான் சாவகத்தைக் கைப்பற்றியது. குயினைன் வரத்து நின்றது; செயற்கை மலேரியா மருந்துகள் வளர்ந்தன. போருக்குப் பின் குளோரோகுயின் முன்னுக்கு வந்தபோது, மலேரியா அரிதாகிவிட்ட பணக்கார நாடுகளில் குயினைனுக்கு எஞ்சிய முதன்மைப் பயன் கால் பிடிப்பே. அமெரிக்காவில் அது மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் முதியோருக்கு மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் அதை எழுதிக்கொடுத்தனர்.

எச்சரிக்கைகள்

ஆபத்தின் அறிகுறி புதிதல்ல. குயினைன் உண்டவரின் தோலில் செம்புள்ளிகளும் குருதிக் கசிவும் தோன்றியதை 1865இலேயே விபான் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். அவற்றின் காரணம் பின்னர் தெளிவானது. சிலரது உடலில் குயினைன் இருக்கும்போது மட்டும் குருதித் தட்டுகளோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. தட்டுகள் அழிந்து, குருதி உறையும் திறன் சடுதியில் குறைகிறது. சிலரிடம் நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபட்டுச் சிறுநீரகம் செயலிழக்கிறது. இதயத் துடிப்பும் பிறழலாம். யாருக்கு இது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி உண்டவருக்கும் நேரலாம். அளவு மிகக் குறைவு என்பதும் பாதுகாப்பல்ல: குயினைன் கலந்த டானிக் வாட்டர் பானத்தைக் குடித்தவர்களிடமே இப்பாதிப்பு காணப்பட்டது. 1967இல் ஒரு மருத்துவ இதழ் இதற்குக் ‘காக்டெயில் பர்ப்யூரா’ என்ற பெயரைத் தந்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994இல், கால் பிடிப்புக்காகக் குயினைனைச் சீட்டின்றி விற்பதை நிறுத்த ஆணையிட்டது. ஆஸ்திரேலியா 2004இல் இப்பயனை மருந்தின் ஏற்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2006 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் ஒப்புதலற்ற குயினைன் மருந்துகள் அனைத்தையும் சந்தையிலிருந்து விலக்கியது. 1969 முதல் அதனிடம் வந்திருந்த கடும் பாதிப்பு அறிக்கைகள் 665. அவற்றில் 93 மரணங்கள். 2010இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பும், வழக்கமான சிகிச்சையாக இதைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

ஒரு கணக்கு திருத்தப்பட்ட விதம்

ஆபத்தைத் தாங்குமளவு பயன் பெரிதா என்பது அடுத்த கேள்வி. 1995இல் கனடாவின் மான்-சன்-ஹிங், வெல்ஸ் இருவரும் வெளியான சோதனைகளைத் தொகுத்தனர். குயினைன் உண்டால் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒன்பது பிடிப்புகள் குறையும் என்று வந்தது. பிறகு அவர்கள், அமெரிக்க நிர்வாகத்திடம் இருந்த, எந்த இதழிலும் வெளிவராத சோதனைகளின் தரவைப் பெற்றனர். அவற்றையும் சேர்த்து 1998இல் கணக்கிட்டபோது பயன் நான்குக்கும் கீழே இறங்கியது.

மருந்து மாறவில்லை; நோயாளிகளும் மாறவில்லை. நல்ல முடிவு தந்த சோதனைகள் இதழ்களில் வெளிவந்தன. சிறிய பயனையே காட்டியவை கோப்புகளில் தங்கிவிட்டன. மருத்துவர்கள் படித்தது ஒரு பக்கக் கதையை மட்டும். மருத்துவ ஆய்வில் ‘வெளியீட்டுச் சாய்வு’ என்று கூறப்படும் குறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2015இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, 23 சோதனைகளில் 1586 பேரின் தரவைக் கொண்டு, குயினைன் இரு வாரங்களில் பிடிப்புகளின் எண்ணிக்கையை 28 விழுக்காடு குறைப்பதாகக் கூறியது. வலியின் கடுமை 10 விழுக்காடே குறைந்தது. அப்படியானால் பயன் உண்மை, அளவு சிறிது. உயிரைப் பறிக்காத ஒரு தொல்லைக்கு, அரிதாகவேனும் உயிரைப் பறிக்கும் மருந்து ஏற்றதல்ல என்ற முடிவுக்கு நாடுகள் வந்தது இதனால்தான்.

சுவரில் சாய்ந்து நிற்றல்

மருந்தில்லா வழியும் இதே காலத்தில் பேசப்பட்டது. 1979இல் டேனியல் என்ற அமெரிக்க மருத்துவர், சுவருக்கு இரண்டு மூன்றடி தள்ளி நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கைகளால் சுவரில் சாயும் பயிற்சியை ஒரு கடிதத்தில் விவரித்தார். இதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாத அனுபவமே. 2005இல் பிரிட்டனில் குயினைன் உண்டுவந்தவர்களிடம் நடந்த சோதனையில் இப்பயிற்சி பயன் தரவில்லை. 2012இல் நெதர்லாந்தில் ஹாலக்ரேஃப் குழுவினர், 55 வயதைக் கடந்த 80 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்புறத்தையும் நீட்டினர். அவர்களிடம் ஓர் இரவுக்கு வரும் பிடிப்பின் எண்ணிக்கை, பயிற்சி செய்யாதோரைவிட ஏறத்தாழ ஒன்று குறைந்தது. முடிவுகள் இரு வகையாக இருந்தாலும், இவ்வழியில் செலவும் ஆபத்தும் இல்லை.

1988இல் சோன்டாக், வேனர் என்ற இருவர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். குந்தி உட்காரும் வழக்கம் உள்ள மக்களிடம் கெண்டைக்கால் தசை நாள்தோறும் முழுமையாக நீட்டப்படுகிறது. நாற்காலியில் உட்காரும் மக்களிடம் அது குறுகிப்போகிறது. இரவுப் பிடிப்புக்கு அதுவே காரணம் என்பது அவர்கள் வாதம். இது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் தமிழ்நாட்டுக்கு இது பொருத்தமான கேள்வி. அடுப்படியிலும் களத்திலும் மீன்சந்தையிலும் வலை பின்னும் திண்ணையிலும் குந்தி உட்காருதல் ஒரு தலைமுறைக்கு முன்வரை அன்றாட நிலை. இன்று மேடை அடுப்பும் மேற்கத்திய கழிப்பறையும் பிளாஸ்டிக் நாற்காலியும் கடலோரக் குப்பங்களுக்கும் வந்துவிட்டன.

மக்னீசியமும் பிறவும்

குயினைன் விலகிய இடத்தை மக்னீசிய மாத்திரைகள் பிடித்தன. 2020இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வு, முதியோரின் பிடிப்பைத் தடுப்பதில் மக்னீசியம் குறிப்பிடத்தக்க பயன் தர வாய்ப்பில்லை என்று கூறியது. கருவுற்ற பெண்களிடம் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. 2024இல் சீனாவில் 65 வயதைக் கடந்த 199 பேரிடம் நடந்த சோதனையில், எட்டு வாரம் வைட்டமின் கே2 உண்டவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. ஒரே ஒரு சோதனை என்பதால் பிற இடங்களிலும் அது உறுதிப்பட வேண்டும். குயினைனின் வரலாறு இந்தப் பொறுமையைக் கற்பித்துள்ளது.

வேறு மருந்துகளே பிடிப்பைத் தூண்டுவதும் உண்டு. கனடாவில் காரிசன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிலவகைச் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகளும் ஆஸ்துமாவுக்கான நீண்டநேர மூச்சு மருந்துகளும் தொடங்கப்பட்ட பின் கால் பிடிப்பு மருந்துக்கான தேவை கூடியது. அதே குழுவினர் 2015இல், கோடையில் பிடிப்பு குளிர்காலத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு என்றும் காட்டினர்.

இன்றைய வழிமுறைகள்

பிடிப்பு வந்தவுடன் முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். எழுந்து நின்று பாதத்தைத் தரையில் அழுத்துவதும் உதவும். பிறகு நீவிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒத்தடச் சூட்டைப் பிறரிடம் சரிபார்க்கச் சொல்வது நல்லது.

தடுப்புக்கு, படுக்கும் முன் சில நிமிடங்கள் சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுவதே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. போர்வை பாதத்தைக் கீழே அழுத்தாமல் தளர்வாக இருக்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் வேலை செய்தவர் நீருடன் உப்பையும் மீட்டுக்கொள்ள வேண்டும்; உப்பிட்ட கஞ்சி, நீர்மோர், அரசு மருத்துவமனைகளில் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவை போதும். குருதி அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் உப்பைத் தாமாகக் கூட்டக்கூடாது.

உண்ணும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. நடக்கும்போது வந்து நின்றால் விடும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும், கால் மரத்துப்போதல், தசை மெலிதல், அடிக்கடி உறக்கம் கெடுதல் ஆகியவை இருந்தால் அது வெறும் பிடிப்பாக இல்லாமல் குருதிக்குழாய் அல்லது நரம்பு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குயினைன் இன்றும் மலேரியாவுக்குப் பயன்படும் மதிப்புள்ள மருந்து. கால் பிடிப்புக்காகப் பழைய சீட்டைக் காட்டியோ பிறர் சொல்லியோ அதை வாங்கி உண்பது ஆபத்தானது.

நீலகிரியில் சின்கோனா மரங்கள் தேயிலைக்கு இடம்விட்டன. மருந்துக் கடைகளில் குயினைன் நீட்டல் பயிற்சிக்கு இடம்விட்டுக்கொண்டிருக்கிறது. பழவேற்காடு ஏரியில் இரவுப் பாட்டுக்குப் போகிறவரும் வீடு திரும்பி உறங்கும் முதியவரும் இன்று செய்யக்கூடிய தடுப்பு, குதிகாலைத் தரையில் ஊன்றிச் சுவரில் சாயும் சில நிமிடங்களே.